உயரம் பாய்பவருக்கு யார் பணம் கட்டுவது?

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். இது நம்மில் பலருக்குத் தெரியும். அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சுருக்கமாகச் சொன்னால் யூசிஎல்ஏயில், படித்து அதன் அணிக்காகவும் பாய்ந்தவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

உயரம் பாய்தலுக்கு யாரும் ரிக்கெற் வாங்குவதில்லை. தொலைக்காட்சிகளும் அதற்காக வரிசையில் நிற்பதில்லை. பிறகு ஏன் ஒரு பல்கலைக்கழகம் பயிற்றுநரை வைத்து, மைதானம் கட்டி, விமானச் சீட்டு எடுத்து அந்த அணியை நடத்துகிறது? இந்தக் கேள்வியோடுதான் யூசிஎல்ஏயின் விளையாட்டுக் கணக்குகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அது அரச பல்கலைக்கழகம் என்பதால் விளையாட்டுத் துறையின் வரவு செலவு பகிரங்கமாகிறது. அங்குள்ள பத்திரிகையாளர்கள் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கேட்டு வாங்கி எழுதுகிறார்கள். ஊடகக் கற்கை படித்த எனக்கு, விளையாட்டைத் தேடிப் போன இடத்தில் கிடைத்தது ஒரு தொலைக்காட்சிக் கதை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு என்றால் உடற்கல்விப் பிரிவு, சில போதனாசிரியர்கள், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி, அவ்வளவுதான். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் அது ஒரு தனி நிறுவனம் போல இயங்குகிறது. யூசிஎல்ஏயில் ஏறத்தாழ 25 அணிகள் உண்டு. துறையின் ஆண்டுச் செலவு 100 மில்லியன் டொலருக்கு மேல். இந்த அணிகளில் பணம் பார்ப்பவை இரண்டுதான்: அமெரிக்க உதைபந்தாட்டம், அடுத்தது ஆண்கள் கூடைப்பந்தாட்டம். நீச்சல், மெய்வல்லுநர் போட்டிகள், வாட்டர் போலோ, ஜிம்னாஸ்டிக் எல்லாம் அந்த இரண்டும் உழைப்பதில் சாப்பிடுகின்றன. ஒரு வீட்டில் இரண்டு பேர் உழைக்க இருபத்துமூன்று பேர் படிப்பது போல.

உழைக்கும் அந்த இருவருக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் இந்த வீட்டின் பழைய சட்டம். என்சிஏஏ என்ற தேசிய அமைப்பு பல பத்தாண்டுகளாக, மாணவ வீரருக்குப் புலமைப்பரிசில் கொடுக்கலாம், அதற்கு மேல் கூலி கொடுக்கக்கூடாது என்று விதி வைத்திருந்தது. அந்த அணிகளில் கறுப்பின இளைஞர்களின் பங்கு மிகப் பெரியது. நீச்சல், ரோயிங் போன்ற அணிகளில் பெரும்பாலும் வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள். யார் உழைப்பில் யார் நீந்தினார்கள் என்று அமெரிக்காவிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானது.

பணம் எப்படிப் பெருகியது? 1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஒளிபரப்பு உரிமையை என்சிஏஏ மட்டும் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல்கலைக்கழகங்கள் கூட்டணி கூட்டணியாகச் சேர்ந்து தொலைக்காட்சிகளோடு பேரம் பேசின. இந்தக் கூட்டணிகளை அங்கே கொன்பரன்ஸ் என்பார்கள். முன்பு அவை அயல் பல்கலைக்கழகங்களின் சங்கம். யூசிஎல்ஏ இருந்த பசிபிக் கூட்டணி பெயரிலேயே கடற்கரையோடு கட்டுண்டது.

2022 ஜூன் 30 அன்று யூசிஎல்ஏயும் அதே நகரின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் அந்தக் கூட்டணியை விட்டு பிக் டென்னில் சேரப்போவதாக அறிவித்தன. பிக் டென் என்பது நாட்டின் மத்திய மேற்குப் பகுதியின் கூட்டணி. அதன் கிழக்கு எல்லை அத்திலாந்திக் கரையில் உள்ள நியூ ஜேர்சி வரை போகிறது. லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். காரணம் ஒன்றுதான். பிக் டென் ஃபொக்ஸ், சிபிஎஸ், என்பிசி ஆகிய மூன்றோடும் செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் பெறுமதி 7 பில்லியன் டொலருக்கு மேல்.

யூசிஎல்ஏக்கு அந்தப் பணம் ஏன் அவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2016இல் அண்டர் ஆர்மர் என்ற விளையாட்டு உடை நிறுவனம் 15 ஆண்டுகளுக்கு 280 மில்லியன் டொலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. பல்கலைக்கழக விளையாட்டில் அதுவரை யாரும் கண்டிராத தொகை. 2020இல், கொரோனாக் காலத்தில், நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. வழக்குப் போட்டு 2022இல் 67.5 மில்லியன் டொலருக்கு இணக்கம் கண்டார்கள். இடையில் நைக்கியின் ஜோர்டன் பிரிவோடு செய்த புதிய ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 46.45 மில்லியன். ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 18 மில்லியனுக்கு மேல் வந்த இடத்தில் 8 மில்லியனுக்கும் குறைவு. மைதானங்கள் வெறிச்சோடிய 2021 நிதியாண்டில் விளையாட்டுத் துறையின் துண்டுவிழும் தொகை 62.5 மில்லியன் டொலர். 2024 நிதியாண்டில் அது கிட்டத்தட்ட 52 மில்லியன். தொடர்ந்து ஆறு ஆண்டுப் பற்றாக்குறையைக் கூட்டினால் 200 மில்லியனைத் தாண்டுகிறது.

இந்தக் குழியை மூடுவது பல்கலைக்கழகம்தான். 2025 கோடையில் ட்ரம்ப் நிர்வாகம் அதே பல்கலைக்கழகத்தின் 584 மில்லியன் டொலர் ஆராய்ச்சி நிதியை இடைநிறுத்தியது. பெரும் பகுதி நீதிமன்ற உத்தரவால்தான் திரும்பி வந்தது. ஆய்வுகூடங்கள் தவித்த அந்த நேரத்தில் விளையாட்டுத் துறையின் கடன் பற்றிய முணுமுணுப்பு உரத்துக் கேட்டதில் வியப்பில்லை.

ஆனால் இந்தத் துண்டுவிழும் தொகையை அப்படியே நம்பிவிடவும் கூடாது. விளையாட்டுப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டும் ஒரு விடயம் இருக்கிறது. ஒரு வீரருக்குப் புலமைப்பரிசில் கொடுத்தால், அவருடைய கல்விக் கட்டணம் முழுவதையும் விளையாட்டுத் துறை பல்கலைக்கழகத்துக்குக் கட்டியதாகக் கணக்கில் எழுதப்படும். வெளிமாநிலத்தவர் அல்லது வெளிநாட்டவர் என்றால் அந்தக் கட்டணம் கலிபோர்னியா மாணவருடையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் ஏற்கெனவே நடக்கும் விரிவுரையில் ஒருவர் கூடுதலாக உட்காருவதால் பல்கலைக்கழகத்துக்கு ஏற்படும் உண்மையான செலவு மிகச் சிறியது. வலது பையில் இருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டு, வலது பை காலி என்று அழுவது போல ஒரு பகுதி. முழுவதும் அப்படியல்ல, பயிற்றுநர்களின் மில்லியன் கணக்கான சம்பளமும், இடையில் நீக்கினால் கொடுக்கும் இழப்பீடும் வெளியே போகும் உண்மையான பணம்.

இலாபம் காட்ட வேண்டிய பங்குதாரர் யாரும் இல்லாத வியாபாரம் இது என்பதையும் மறக்கக்கூடாது. வருமானம் கூடினால் அடுத்த பல்கலைக்கழகத்தை முந்துவதற்காகப் பயிற்றுநர் சம்பளமும் கட்டடங்களும் கூடும். ஆகவே பணம் எவ்வளவு வந்தாலும் போதாது. என் கணிப்பில், பற்றாக்குறையின் வேர் வரவு குறைந்ததில் மட்டுமல்ல, இங்கேதான் இருக்கிறது.

யூசிஎல்ஏ வெளியேறியதன் விலையை முதலில் கொடுத்தது அதன் மூத்த சகோதரி பேர்க்லி வளாகம். பசிபிக் கூட்டணி 2023இல் உடைந்து சிதறியது. பேர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் அத்திலாந்திக் கரைக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தன, அதுவும் முதல் ஏழு ஆண்டுகள் ஏனையோர் பெறும் ஒளிபரப்புப் பங்கில் 30 வீதம் மட்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு வளாகங்களுக்கும் ஒரே ஆளுநர் சபை. ஒரு பிள்ளை செழிக்க மற்றது நொடிவதைப் பார்த்த சபை, யூசிஎல்ஏ ஆண்டுக்கு 10 மில்லியன் டொலர் வீதம் மூன்று ஆண்டுகள் பேர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று 2024இல் தீர்மானித்தது. அங்கே இதற்கு விவாகரத்து ஜீவனாம்சத்தை நினைவூட்டும் கேலிப் பெயர் ஒன்றும் உண்டு.

பேர்க்லியின் கடன் தனிக்கதை. அதன் 1923ஆம் ஆண்டு மைதானம் ஹேவர்ட் நிலநடுக்கப் பிளவின் மேலேயே கட்டப்பட்டது. பிளவு மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கீழே ஓடுகிறது. அதைப் பலப்படுத்திப் புதுப்பிக்க 321 மில்லியன் டொலர் செலவழித்து 2012இல் திறந்தார்கள். இருக்கைகளைப் பல பத்தாண்டுகளுக்கு முன்கூட்டியே விற்றுக் கடனை அடைக்கும் திட்டம் பலிக்கவில்லை. 2018இல் கடனில் பாதிக்கும் மேற்பட்ட பங்கை விளையாட்டுத் துறையின் தோளிலிருந்து இறக்கிப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டது.

பணம் முட்டும்போது எங்கே வெட்டுவார்கள் என்பதும் அங்கே முன்பே தெரிந்துவிட்டது. 2010 செப்டெம்பரில் பேர்க்லி பேஸ்போல், ஆண்கள் பெண்கள் ஜிம்னாஸ்டிக், பெண்கள் லக்ரோஸ் ஆகிய அணிகளை நிறுத்தப்போவதாகவும் ரக்பியைத் தரம் இறக்கப்போவதாகவும் அறிவித்தது. பழைய மாணவர்கள் கோடிக்கணக்கில் சேர்த்துக் கொடுத்து எல்லாவற்றையும் மீட்டார்கள். நிறுத்தப்படவிருந்த பேஸ்போல் அணி அதே பருவத்தில் தேசிய இறுதிச் சுற்றுத் தொடருக்குப் போனது. 2020இல் ஸ்டான்ஃபோர்ட் தன் 36 அணிகளில் 11ஐ நிறுத்துவதாகச் சொன்னது. அதன் மல்யுத்த வீரர் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லாத வெறும் கறுப்பு உடையில் இறங்கித் தேசியச் சம்பியனானார். இரண்டு மாதத்தில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. உதைபந்தாட்டத்தை நிறுத்தலாமா என்ற பேச்சு இந்த மூன்று வளாகங்களிலும் எழவில்லை. உழைப்பவனை வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்கள் அல்லவா.

இனி அந்த உழைப்பவனின் வழக்கு. 1995இல் யூசிஎல்ஏ கூடைப்பந்தாட்டத்தில் தேசியச் சம்பியனானபோது அதன் நட்சத்திரம் எட் ஓபன்னன். பல ஆண்டுகள் கழித்து, விற்பனையில் இருந்த ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஓர் உருவம் ஓடுவதைக் கண்டார். தனக்கு ஒரு சதமும் வரவில்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் நீதிபதி க்ளோடியா வில்கன் என்சிஏஏயின் விதி போட்டிச் சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தார். 2021 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் இன்னொரு வழக்கில் ஒருமனதாக என்சிஏஏக்கு எதிராக நின்றார்கள். அடுத்த மாதமே வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்கு விற்க அனுமதி வந்தது. 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் பெரிய இணக்கப்பாட்டுக்கு ஒப்புதல் கொடுத்தார்: பழைய வீரர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் இழப்பீடு. இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதலாண்டு உச்சவரம்பு 20.5 மில்லியன்.

நியாயம் கிடைத்தது. ஆனால் அந்த 20.5 மில்லியன் எங்கிருந்து வரும்? வரவு உடனே கூடவில்லை. வீட்டுக்குள்ளேயே பகிர வேண்டும். பழைய இழப்பீட்டில் ஏறத்தாழ 75 வீதம் உதைபந்தாட்டத்துக்கும் 15 வீதம் ஆண்கள் கூடைப்பந்தாட்டத்துக்கும் போகிறது. மிச்சத்தில் பெண்கள் கூடைப்பந்தாட்டமும் ஏனைய எல்லா விளையாட்டுகளும் பங்கு போட வேண்டும். பல பெரிய பல்கலைக்கழகங்கள் புதிய பணத்தையும் இந்த விகிதத்தை ஒட்டியே பிரிக்கின்றன. 1972ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பெண்களுக்குச் சம வாய்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கும்போது இது எப்படிச் சரி என்று பெண் வீராங்கனைகள் சிலர் மேன்முறையீடு செய்தார்கள்.

இந்த வழக்குக்குப் பெயர் கொடுத்த கிராண்ட் ஹவுஸ் உதைபந்தாட்டக்காரர் அல்ல, நீச்சல் வீரர். இணக்கப்பாடு இறுதியாகும் முன்பே, 2025 மார்ச்சில், கலிபோர்னியாவின் இன்னொரு அரச பல்கலைக்கழகமான கல் பொலி அதையே காரணம் காட்டித் தன் நீச்சல் அணிகளை மூடிவிட்டது.

உயரம் பாய்பவரின் நிலை இப்போது இப்படி இருக்கிறது. முன்பு ஆண்கள் மெய்வல்லுநர் அணி ஒன்றுக்கு 12.6 முழுப் புலமைப்பரிசில்கள்தான். அதைத் துண்டு துண்டாகப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள், இன்னும் பலர் சொந்தச் செலவில் அணியில் இருப்பார்கள். இப்போது அந்த வரம்பு இல்லை. பதிலாக, புதிய முறைக்குள் வந்த பல்கலைக்கழகங்களில் அணியில் 45 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. விரும்பினால் 45 பேருக்கும் முழுப் புலமைப்பரிசில் கொடுக்கலாம் என்பது சட்டம். கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு சிக்கல். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்து சம்பாதிப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு. கொங்கோவில் பிறந்த கென்டக்கி கூடைப்பந்து வீரர் ஒஸ்கார் ஷிப்வே 2022இல் தன் விளம்பர வேலைகளைச் செய்ய அணியோடு பஹாமாஸ் போன பயணத்தைப் பயன்படுத்திக்கொண்டார். அமெரிக்க மண்ணில் செய்தால் விசா போகும் என்ற பயம். புதிய வருமானப் பங்கை இந்த விசாவில் வாங்கலாமா என்பதற்குத் தெளிவான சட்ட ஏற்பாடு செய்யப்படவில்லை.

இங்கிருந்தோ புலம்பெயர் நாடுகளிலிருந்தோ தம் பிள்ளைக்கு அமெரிக்கப் பயிற்றுநரிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லும் பெற்றோர் கையெழுத்து வைக்குமுன் நான்கு விடயங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை அந்த எண்ணிக்கை வரம்புக்குள் இருக்கிறாரா? புலமைப்பரிசில் முழுவதுமா, பகுதியா? ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதா, பட்டம் முடியும் வரையா? நடுவில் அணியையே மூடிவிட்டால் படிப்புச் செலவுக்குப் பல்கலைக்கழகம் பொறுப்பேற்குமா?