சக்கரங்களின் மேல் ஒரு சிறு வீடு

காஞ்சன்பாக்கின் பாதுகாப்பு ஆய்வகங்களிலும் மிதானியிலும் பணியாற்றி ஓய்வுபெறும் வாடிக்கையாளர் சிலர், பயணத்திற்கென வேனை வீடாக மாற்றக் கடன் கிடைக்குமா என வினவுகின்றனர்.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்தது. மறு ஆண்டு மகிந்திரா நிறுவனம், சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரியுடன் இணைந்து, பொலேரோ பிக்கப்பின் மேல் நால்வர் தங்கும் அறை அமைக்க ஒப்பந்தம் செய்தது.

ஃபோர்ஸ் டிராவலர் போன்ற வேனில் ஓட்டுநர் கீழிறங்காமலே படுக்கைக்குச் செல்லலாம். நெடுஞ்சாலைக்கு அதுவே ஏற்றது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் பிக்கப் லடாக்கின் கரட்டுப் பாதைகளையும் ஏறும். ஆனால் உயரமான அறை வளைவுகளில் வண்டியைச் சாய்க்கும். நிதானமாக ஓட்ட வேண்டும்.

பலரும் மறப்பது எடையை. 100 லிட்டர் நீர் 100 கிலோ. மின்கலம், பலகைகள், அடுப்பு, பயணிகள் யாவும் பதிவுச் சான்றிதழிலுள்ள மொத்த எடைக்குள் அடங்க வேண்டும். டைட்டானியத்தோடு பழகியவர்களுக்கு எடையின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை!

பணம் சிக்குவது வேறிடத்தில். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவான விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பட்டறையில் விருப்பம்போல் மாற்றிய வண்டிக்குத் தகுதிச் சான்று மறுக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகையும் கைவிட்டுப் போகலாம். ஆகவே கேரவனாகவே ஒப்புதல் பெற்ற வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கடன் நிலுவையிலுள்ள வண்டியெனில், பட்டறைக்கு முன்பணம் கொடுக்குமுன் வங்கியின் எழுத்துவழி இசைவையும் பெறுங்கள். இயலுமாயின் அதே வகை வண்டியை இரு நாள் வாடகைக்கு எடுத்து உறங்கிப் பாருங்கள்.