துவைத்தும் போகாத வியர்வை நெடி!

சட்டை நேற்றுத்தான் சோப்புப் போட்டுத் துவைத்தது. ஆயினும் இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் அக்குள் பக்கத்திலிருந்து பழைய நெடி கிளம்புகிறது! நல்ல துணியைக் கழித்துப் போடவும் மனமில்லை. உடுத்திக்கொண்டு நாலு பேர் நடுவில் நிற்கவும் கூச்சம்.

உண்மையில், புதிதாய்ச் சுரக்கும் வியர்வைக்கு வாடை இல்லை என்றே சொல்லலாம். தோலிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. உடம்பின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து அது நூலிழையில் ஒட்டிக்கொள்கிறது. பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக் கழகத்தார் 2014-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், 26 பேர் உடற்பயிற்சியின்போது அணிந்த சட்டைகளை முகர்ந்து சோதித்தனர். பருத்தியைவிடப் பாலியெஸ்டரே அதிகம் நாறியது!

ஆகவே, மேலுக்கு அத்தர் தெளிப்பதால் பயனில்லை. சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். நான்கு பங்கு குளிர்ந்த நீரில் ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு வழக்கம்போல் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். வினிகர் இல்லாவிடில், ஆப்ப சோடாவை நீரில் குழைத்து அக்குள் பகுதியில் பூசி, அரை மணி கழித்து அலசலாம். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றன் குணத்தை மற்றொன்று கெடுத்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடருடன் வினிகர் சேரவே கூடாது. குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும்.

கழற்றிய சட்டையை ஈரத்தோடு கூடையில் திணிக்காமல், கொடியில் காற்றாட விரித்துவிட்டாலே பாதித் தொல்லை தீரும்.