எந்திரம் வாங்கிவிடலாம்; டாக்டர் வர 12 வருஷம்!

கிட்னி டாக்டர் உருவாவது எப்படி? இடம் இருந்தும் ஆள் வராதது ஏன்?

இரவு மணி 2.

ஊரே தூங்குகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரின் போன் அலறுகிறது. பாம்பு கடித்த ஒருவரை வெளியூரில் இருந்து ஆம்புலன்சில் கொண்டு வந்திருக்கிறார்கள். விஷமுறிவு மருந்து போட்டாகிவிட்டது. உயிர் தப்பிவிட்டது. ஆனால் 2 நாளாக ஒரு சொட்டு சிறுநீர் இறங்கவில்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறிக்கொண்டே போகிறது. அளவு மீறினால் இதயமே நின்றுவிடும். உடனே டயாலிசிஸ் போடுவதா? மருந்தைக் கொடுத்து விடியும் வரை சமாளிப்பதா?

ஓடி வந்து பார்க்கிறாரே, அந்த இளம் டாக்டர் யார் தெரியுமா? படித்து முடித்தவர் அல்ல. இன்னும் படித்துக் கொண்டிருப்பவர்! கிட்னி டாக்டர் ஆவதற்குப் பயிற்சி பெறும் "டி.எம்." மாணவர்.

கிட்னிப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் எந்த ராத்திரியும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. பெரிய டாக்டர் போனில் கிடைப்பார். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் முதலில் நிற்பவர் இவர்தான்.

விரல் விட்டு எண்ணுங்கள்

இந்த இடத்துக்கு வர அவர் எத்தனை வருஷம் படித்திருக்க வேண்டும்? நீங்களே கூட்டிப் பாருங்கள்.

எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம். ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரு வருஷம். அதன் பிறகு எம்.டி. பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவம் 3 வருஷம். அதற்கும் மேலே டி.எம். சிறுநீரக மருத்துவம் 3 வருஷம். மொத்தம் பதினொன்றரை வருஷம்!

இடையில் நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கும் காலத்தையும் சேர்த்தால் 12 தாண்டிவிடும். டி.எம். படிப்புக்கென்று 2017-ம் ஆண்டில் இருந்து அகில இந்திய அளவில் தனி "நீட்" தேர்வு நடக்கிறது. பிளஸ்-2 முடித்த கையோடு 18 வயதில் சேர்ந்தவர்கூட கிட்னி டாக்டர் என்று போர்டு மாட்டும்போது 30 வயதைத் தொட்டிருப்பார். கூடப் படித்தவன் பாங்கியில் மானேஜர் ஆகி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பான்!

கல்லுக்கு வேறு டாக்டர்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கிட்னியில் கல் என்றால் ஆபரேஷன் செய்பவர் யூராலஜிஸ்ட். அவர் அறுவை சிகிச்சை டாக்டர். நாம் சொல்லும் கிட்னி டாக்டர் நெப்ராலஜிஸ்ட். கிட்னி வேலை செய்கிறதா, ஏன் செய்யவில்லை, எப்படிக் காப்பாற்றுவது என்று பார்ப்பவர்.

அந்த கிட்னி சாதாரணமானதா? ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் சிறுநீராக வெளியே போகிறது. மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே!

3 வருஷத்தில் என்ன கற்கிறார்கள்?

கழுத்து நரம்பில் குழாய் செருகி டயாலிசிஸ் தொடங்க வேண்டும். முதுகு வழியாக ஊசி விட்டு கிட்னியில் நூல் போல ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாற்று கிட்னி பொருத்தியவருக்கு மருந்தை எடை போட்டுக் கொடுக்க வேண்டும். மருந்து குறைந்தால் புதிய கிட்னியை உடம்பு தள்ளிவிடும். கூடினால் நோய்க்கிருமி தொற்றிக்கொள்ளும். கத்தி மேல் நடப்பது மாதிரி!

தண்ணீரைப் பற்றியும் கற்க வேண்டும். ஒரு முறை 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். நம் வீட்டுக் கணக்கில் 8 குடம். அதில் கோளாறு இருந்தால் எந்திரத்தில் படுத்திருக்கும் அத்தனை பேருக்கும் ஆபத்து.

பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், விஷம் குடித்தவர்கள் என்று நம் ஊர் கேஸ்கள் வெளிநாட்டுப் புத்தகத்தில் அதிகம் இருக்காது. வார்டில் நின்றுதான் கற்க வேண்டும். சண்டிகரில் உள்ள மத்திய அரசு மருத்துவ நிறுவனத்தில் இந்தப் படிப்பை வளர்த்த டாக்டர் கே.எஸ்.சுக், இந்த மாதிரி நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்து உலகத்துக்கே எடுத்துச் சொன்னவர். 2017-ம் ஆண்டில் காலமானார்.

மர உருளையில் தொடங்கிய கதை

இந்தத் துறையே வயதில் சின்னது. 2-வது உலகப்போர் நடந்தபோது, ஜெர்மன் படை பிடித்து வைத்திருந்த ஆலந்து நாட்டில் கோல்ப் என்ற டாக்டர், மர உருளையில் குழாயைச் சுற்றி டயாலிசிஸ் எந்திரம் செய்தார். 1943-ல் தொடங்கினார். முதலில் வந்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள். அவர் விடவில்லை. 1945-ல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்து எழுந்தார்.

1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், இரட்டைச் சகோதரர்களில் ஒருவர் கிட்னியை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார் டாக்டர் ஜோசப் முர்ரே. 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1970-ல் இந்திய சிறுநீரக மருத்துவர் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே, 1971-ல், நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்று ஆபரேஷன் வெற்றி பெற்றது. இன்று வேலூரிலும், சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி கல்லூரியிலும் டி.எம். படிப்பு இருக்கிறது.

"கிட்னிவாக்கம்"

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஏன்? ஒரு காலத்தில் நம் வில்லிவாக்கத்துக்கு "கிட்னிவாக்கம்" என்றே பட்டப்பெயர் விழுந்தது. கடன் தொல்லையில் ஏழைகள் கிட்னியை விற்றார்கள். புரோக்கர்கள் கொழுத்தார்கள்.

1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றம். கொடுப்பவர் நெருங்கிய உறவா, பணம் கைமாறியதா என்ற கேள்வியோடுதான் ஒவ்வொரு கேசையும் பார்க்க வேண்டும். அந்த சந்தேகக் கண்ணும் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

இடம் காலி!

இவ்வளவு தேவை இருக்கிறது. சர்க்கரை நோய் பெருகுகிறது. கூடவே கிட்னி நோயும் பெருகுகிறது. 2016-ல் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்து மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் தொடங்கியது. எந்திரங்கள் வந்தன. எந்திரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய டாக்டர்?

அங்கேதான் இடிக்கிறது. சமீப ஆண்டுகளில் நாட்டின் பல இடங்களில் டி.எம். கிட்னி படிப்பில் இடங்கள் சேர ஆளின்றிக் காலியாகக் கிடந்திருக்கின்றன!

காரணம் என்ன? இதய டாக்டர் ஸ்டென்ட் வைத்ததும் நோயாளி எழுந்து நடக்கிறார். கிட்னி நோயாளி அப்படி அல்ல. வாரம் 2 முறை, 3 முறை என்று வருஷக்கணக்கில் வருகிறார். முகம் பழகிவிடுகிறது. ஒரு நாள் அந்தக் கட்டில் காலியாக இருக்கும். இளம் டாக்டர்களுக்கு அது தாங்க முடியாத பாரம். போதாக்குறைக்கு ராத்திரி டியூட்டி, கடன் வாங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பங்களின் கண்ணீர்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே எம்.டி.க்குச் சமமான 3 வருஷப் பயிற்சிக்குப் பிறகு கிட்னி படிப்பு 2 வருஷம். அங்கும் இடங்கள் நிரம்புவதில்லை.

வழி இல்லையா?

இருக்கிறது. கிராமத்து சுகாதார நிலையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்களும் மேலே படிக்கட்டும் என்று, அரசு கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பில் அரசு டாக்டர்களுக்கு 50 சதவீத ஒதுக்கீட்டை 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் அதை நடைமுறைப்படுத்த அனுமதி கொடுத்தது. மாவட்ட ஆஸ்பத்திரியை அறிந்தவர்கள் கிட்னி டாக்டராகித் திரும்ப இது ஒரு வாசல்.

சர்வதேச சிறுநீரக மருத்துவர் சங்கமும் 1985-ல் இருந்து ஏழை நாட்டு டாக்டர்களுக்கு வெளிநாட்டில் பயிற்சி தருகிறது. ஒரு நிபந்தனை: படித்து முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்!

நம் கையில் இருப்பது

12 வருஷம் ஆகும் டாக்டரை நாளைக்கே கொண்டுவர யாராலும் முடியாது. ஆனால் அவரிடம் போகும் கூட்டத்தைக் குறைக்க முடியும்.

கிட்னி நோய் வலிக்காது. முக்கால்வாசி கெட்ட பிறகுதான் கால் வீங்கும், மூச்சு வாங்கும். அதனால் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற 2 பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வலிக்கு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள்.

ராத்திரி 2 மணிக்கு அலறும் போன்களில் ஒன்றாவது குறையட்டும்!