கடன்பட்ட கம்பெனியை மூடுவது எங்ஙனம்?

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒயிட்சாப்பல் நெடுந்தெருவில் தோல் காலணித் தொழில் நடத்திவந்தார் ஆரன் சாலமன். பல்லாண்டுகள் தனியொருவராய் நடத்திய அத்தொழிலை 1892ஆம் ஆண்டில் லிமிடெட் கம்பெனியாக மாற்றினார். அந்நாளைய சட்டப்படி பங்குதாரர் எழுவர் வேண்டும். அவர், அவருடைய மனைவி, ஒரு மகள், நான்கு மைந்தர் என எழுவரும் வீட்டிலேயே கிடைத்துவிட்டனர்! மனைவி மக்களுக்கு ஆளுக்கொரு பங்கு. அவருக்கோ 20,001 பங்குகள். இவையன்றி, கம்பெனி தமக்குத் தரவேண்டிய 10,000 பவுனுக்கு அதன் சொத்துகளையே ஈடாகக் காட்டிக் கடன்பத்திரமும் பெற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டே கம்பெனி நொடிந்தது. “கம்பெனியாவது, கத்தரிக்காயாவது! எல்லாம் சாலமன்தான், அவரே கடனைத் தீர்க்கட்டும்” என்ற வாதத்தைக் கீழ் நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. வழக்குச் செலவுக்கும் வகையற்ற ஏழையாகவே சாலமன் பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு செய்தார். 1896 நவம்பர் 16 அன்று தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. முறைப்படி பதிவான கம்பெனி தனியொரு சட்ட ஆள். அதன் கடன் அதனுடையதே.

பிரிட்டனில் கடையும் தொழிலும் நடத்தும் நம் உறவினர் பலருக்கு இன்றளவும் நிழல் தருவது இத்தீர்ப்பே. ஆனால் அந்த நிழலுக்கும் எல்லையுண்டு.

உரிய நாளில் கடனைக் கட்ட இயலவில்லை, அல்லது சொத்தைவிடக் கடன் மிகுந்துவிட்டது என்றால் கம்பெனி நொடிந்ததாகவே கருதப்படும். நிலைமை அவ்வாறு முற்றும்போது, இயக்குநர் பங்குதாரர் நலத்தோடு கடன் கொடுத்தோர் நலத்தையும் கருத வேண்டும் என்று 2022இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மீள வழியில்லையென்று தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டியவராக இருந்தும், கடன்காரரின் இழப்பைக் குறைக்க முயலாது தொழிலை இழுத்துக்கொண்டு போனவர் தம் கைப்பணத்தையே ஈடு செய்ய நேரலாம். “கணக்கெல்லாம் மைத்துனர் பார்த்தார்; நான் கையெழுத்து மட்டுமே போட்டேன்” என்னும் சமாதானம் அங்கே செல்லாது.

இத்தருணத்தில்தான் நல்ல மனத்தினரும் தவறிழைக்கின்றனர். கம்பெனி கவிழப் போகிறது. அண்ணனிடம் வாங்கிய பணத்தையாவது முதலில் கொடுத்துவிடுவோம் என்று எண்ணுகின்றனர். குடும்ப நியாயம் அது. சட்டத்தின் நியாயம் வேறு. சரக்குக் கொடுத்தவரும் அண்ணனும் ஈடில்லாக் கடன்காரராக ஒரே வரிசையில் நிற்பவர்கள். நொடிந்த நிலையில் ஒருவரை மட்டும் முன்னுக்குத் தள்ளியிருந்தால், நீதிமன்றத்தின் வழியே அத்தொகையைத் திரும்பப் பெற முயலலாம். பிறருக்குக் கொடுத்ததாயின் ஆறு மாதம் வரையிலும், உறவினருக்காயின் இரண்டாண்டு வரையிலும் பின்னோக்கிப் பார்ப்பர். உறவினர் என்றால், சலுகை காட்டும் நோக்கம் இருந்ததென்றே சட்டம் முதலில் கொள்ளும்; இல்லையென்று நிறுவுவது நம் பொறுப்பு.

தாமே முன்வந்து மூடும் வழியை 1986ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் வகுத்துள்ளது. இயக்குநர்கள் கூடி முடிவெடுத்து, உரிமம் பெற்ற நொடிப்புத்துறை வல்லுநரை நாட வேண்டும். பங்குதாரரில் நூற்றுக்கு 75 வாக்கு வலிமையோடு தீர்மானம் நிறைவேற வேண்டும். சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு, யார்யாருக்கு என்னும் விவர அறிக்கையை இயக்குநர்கள் உண்மையென உறுதிகூறி அளிக்க வேண்டும். கலைப்பாளர் யாரென்பதில் கடன் கொடுத்தோரின் விருப்பமே மேலோங்கும். அவர் பதவியேற்றதும் இயக்குநரின் அதிகாரம் பெரும்பாலும் ஓய்கிறது. சாவியும் கணக்கேடும் கைமாறும். இயக்குநரின் நடத்தை குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்புவதும் அவருடைய கடமையே. தகுதியற்றவரெனத் தெரிந்தால் 2 முதல் 15 ஆண்டு வரை எக்கம்பெனியிலும் இயக்குநராக இயலாது.

செலவைக் கருதி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டால் போதுமென்பார் சிலர். கடன் கொடுத்தோர் அனைவருக்கும் ஏழு நாளுக்குள் நகல் அனுப்ப வேண்டும். அவர்கள் மறுப்புத் தெரிவித்தால் காரியம் நின்றுவிடும். 2021இல் வந்த சட்டமோ, அவ்வாறு மறைந்த கம்பெனிகளின் இயக்குநர்களையும் விசாரிக்க வழிசெய்துவிட்டது.

வேலையாட்களின் கதி யாது? கம்பெனியில் பணமில்லாவிடினும், பாக்கிச் சம்பளம், விடுமுறைச் சம்பளம், இரண்டாண்டு வேலை செய்தோர்க்கு ஆட்குறைப்பு ஈட்டுத்தொகை ஆகியவற்றைக் குறித்த வரம்புக்குள் தேசியக் காப்புறுதி நிதியிலிருந்து பெறலாம். சம்பளம் வாங்கி உண்மையாகவே வேலை செய்த இயக்குநரும் இதைக் கோரலாம் என்பது பலர் அறியாத செய்தி.

சாலமன் தீர்ப்பின் நிழல் விழாத இடங்களும் உள. வங்கிக்குத் தாமே ஜாமீன் கையெழுத்திட்டிருந்தால், கம்பெனி மறைந்தபின்னும் அக்கடன் அவரையே தொடரும். வீட்டை ஈடு வைத்திருந்தால் வீடும் அதில் அடங்கும். கம்பெனியிலிருந்து கடனாக எடுத்துச் செலவிட்ட தொகையையும் கலைப்பாளர் கேட்பார். பழைய பெயர்ப்பலகையையே புதுக்கடையில் மாட்டலாமென்றால், சட்டம் கூறும் விதிவிலக்குகளுக்கு உட்பட்டாலன்றி ஐந்தாண்டுக்கு அதுவும் குற்றமாம்.