சுரண்டினால் திரும்பாது

பழைய வண்டி – 11

கோவை காந்திபுரத்திலிருந்து சத்தி ரோட்டில் டெக்ஸ்டூல் தாண்டிக் கணபதிக்குள் நுழைந்தால் லேத்தும் பவுண்டரியும் டிங்கரிங் பட்டறையும் அடுத்தடுத்து வரும். பழைய புல்லட்டின் பெட்ரோல் டேங்கை அங்கே இறக்கினால், "முழுசாச் சுரண்டிப் புதுசாட்ட அடிச்சுத் தந்தர்றனுங்க" என்பார்கள். தலையாட்டுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

பிரித்துப் பார்க்கும் துணிச்சல் இந்த ஊருக்குப் பழையது. கலங்கல் ஜி.டி.நாயுடு, ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டித் தொழில் கற்றவர். எஞ்சினுக்கு அது பொருந்தும். பெயிண்ட்டைக் கழற்றினால் பூட்ட வழியில்லை.

புல்லட் டேங்கில் போனால் வராதது அந்தத் தங்கக் கோடு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். வளைவில் ஒரு மயிரிழை தடித்து, முனையில் மெலியும். இன்று ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பதை நான் ரிப்பேர் என்று சொல்லமாட்டேன்.

ஆகவே முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு கண்ணில் படாத ஓரத்தில் ரப்பிங் கம்பவுண்ட். துணியில் தங்க நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்துங்கள். அசல் நிறம் தெரிய வேண்டுமா? டேங்கைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தை வைத்துத்தான் கலர் கலக்கச் சொல்ல வேண்டும்.

மூடியைச் சுற்றிப் பெயிண்ட் பூத்துப் போவதற்குக் காரணம் வழிந்த பெட்ரோல். பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அதற்குத் தாங்காது. இப்போது பங்க்கில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் பிரிந்து அடியில் தங்கினால் டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அடிப்பகுதியில் கொப்புளம் கண்டால் வெளியே பட்டி வைத்துப் பயனில்லை. தகட்டில் ஓட்டையே விழுந்திருக்கலாம். அதை வெல்டிங் வைக்கத்தான் பயப்பட வேண்டும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில் அடைந்திருக்கும் ஆவி மோசமானது. நன்றாகக் கழுவி, ஓட்டைக்குக் கீழ்வரை தண்ணீர் நிரப்பாமல் யாரையும் நெருப்பைக் காட்ட விடாதீர்கள்.

சிறு சேதமென்றால் அந்த இடத்தை மட்டும் 320, பிறகு 600 நம்பர் பேப்பரில் ஓரம் தெரியாமல் தேய்த்து, பளிச்சென்ற இரும்பில் பிரைமர், தேவைப்பட்டால் மெலிசாகப் பட்டி. பட்டி ஈரம் உறிஞ்சும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஐப்பசி மழையில் பிரைமர் இல்லாமல் விட்டுவைத்தால் அடியில் மறுபடி துரு. மேலே பி.யு. (பாலியூரித்தேன்) கிளியர் அடித்தால் பெட்ரோலுக்குத் தாங்கும், பழைய என்.சி. மேல் நேரடியாக அடித்தால் சுருங்கி எழும்பவும் கூடும், முதலில் ஓரத்தில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் ஹார்டனர் புகை நுரையீரலுக்கு ஆகாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பையனுக்கு நல்ல மாஸ்க் வாங்கித் தருவது வண்டிக்காரரின் செலவாகவே இருக்கட்டும்.

துரு தின்ற டேங்கை முழுக்கச் சுரண்டுவதில் தப்பில்லை. முழங்கால் உரசி மங்கிய இடத்துக்காகச் சுரண்டாதீர்கள். எதுவானாலும் பட்டறைக்குக் கொடுக்குமுன் கோட்டின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)