ஆர்.சி. கார் ரிமோட்: விலையைப் பார்க்காதீங்க, ரிசீவரைப் பாருங்க!



ஆறு மாசமா விஷ்லிஸ்ட்ல கிடந்த ஆர்.சி. கார், போன மாச சம்பளத்துல வீட்டுக்கு வந்தாச்சு. ரெண்டு வாரம் ஓட்டினதும் அடுத்த ஆசை வரும்: "கூட வந்த ரிமோட் சுமார்தான், நல்லதா ஒண்ணு வாங்கணும்." பலர் பணத்தை விடுற இடம் இதுதான். நானும் விட்டிருக்கேன்.

இருக்கிறதிலேயே மலிவான செட்டை வாங்கினேன். ரெண்டாவது கார் வந்தப்போதான் தெரிஞ்சது, அதுல மாடல் மெமரி இல்லை. கார் மாத்தும்போதெல்லாம் ஸ்டியரிங் டிரிம்மை முதல்லேர்ந்து செட் பண்ணணும். வெறுத்துப்போய் வேற பிராண்ட் ரிமோட் வாங்கினா, பழைய ரிசீவர் ரெண்டும் அதோட சேரலை. ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை செலவு.

1. மூணு காருக்குக் கணக்குப் போடுங்க

இன்னைக்கு வர்ற ஹாபி ரிமோட் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் இயங்குது. அதனால எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேரும்னு நினைக்காதீங்க. ஃப்ளைஸ்கை, ஃபுடாபா, சான்வா, ஸ்பெக்ட்ரம் எல்லாத்துக்கும் தனித்தனி புரோட்டோகால். ஒரே பிராண்ட்லகூட தலைமுறை மாறினா சேராமப் போகலாம்.

ஒரு உதாரணம். 'அ' செட் ₹4,000, கூடுதல் ரிசீவர் ₹1,000. 'ஆ' செட் ₹3,000, கூடுதல் ரிசீவர் ₹2,500. ரெண்டு செட்லயும் ஒரு ரிசீவர் கூடவே வரும். மூணு கார் ஆகும்போது 'அ' ₹6,000, 'ஆ' ₹8,000. மலிவா தெரிஞ்சதுதான் கடைசியில காஸ்ட்லி!

2. வாங்குறதுக்கு முன்னாடி காரைத் திறந்து பாருங்க

சில மலிவான கார்கள்ல ரிசீவரும், மோட்டாரைக் கட்டுப்படுத்துற இ.எஸ்.சி.யும் ஒரே போர்டுல இருக்கும். அப்போ ரிசீவரை மட்டும் மாத்த முடியாது, இ.எஸ்.சி.யும் புதுசா வாங்கணும். சர்வோல வழக்கமான 3 ஒயருக்குப் பதிலா 5 ஒயர் இருந்தா, அதுவும் செலவுதான்.

3. எதுக்குக் காசு கொடுக்கலாம்?

ஸ்டியரிங், த்ராட்டில் ரெண்டுக்கும் 2 சேனல் போதும். லைட், ரெண்டு ஸ்பீடு கியர், டிஃப் லாக் வேணும்னா கூடுதல் சேனல் பாருங்க. மாடல் மெமரியும் எண்ட் பாயிண்ட் அட்ஜஸ்ட்மெண்ட்டும் கட்டாயம் இருக்கட்டும். ஸ்டியரிங் திரும்ப முடிஞ்ச எல்லையைத் தாண்டி சர்வோ தள்ளிக்கிட்டே இருந்தா, சூடாகி எரிஞ்சுபோகும். ரேஸ் ஓட்டாதவங்களுக்கு டெலிமெட்ரியும் அதிவேக ரெஸ்பான்ஸும் வெறும் ஆடம்பரம்.

4. ஃபெயில்சேஃப்: இதுல மட்டும் சமரசம் வேண்டாம்

சிக்னல் அறுந்தா கார் தானா நிக்கணும். நிக்காம அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல யாரோட பைக்லயோ மோதினா, ஒரு குழந்தையோட கால்ல மோதினா? ரிமோட்ல மிச்சம் பிடிச்ச ஆயிரம் ரூபாய்க்கு அப்புறம் அர்த்தமே இல்லை.

சக்கரம் தரையைத் தொடாம காரைத் தூக்கி வெச்சு, லேசா த்ராட்டில் கொடுத்து, ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. சக்கரம் நிக்கணும். நிக்கலைன்னா, ஃபெயில்சேஃப்ல த்ராட்டிலை நியூட்ரல் அல்லது பிரேக்ல செட் பண்ணிட்டு மறுபடியும் டெஸ்ட் பண்ணுங்க. ஆன் பண்ணும்போது ரிமோட் முதல்ல, ஆஃப் பண்ணும்போது கார் முதல்ல. இந்த டெஸ்ட்டை வீடியோவுல செஞ்சு காட்டியிருக்கேன்.

5. 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' வேண்டாமே

கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ன்னா வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. உண்டு, பிராசஸிங் கட்டணமும் சேரலாம். பொழுதுபோக்குக்குக் கடன் எதுக்கு? மாசம் ₹1,500 ஒதுக்கினா மூணே மாசத்துல ₹4,500 கையில இருக்கும். அதுவரைக்கும் கூட வந்த ரிமோட்லயே ஓட்டுங்க.

பாடி உடையும், மோட்டார் மாறும், காரே மாறும். நல்ல ரிமோட் உங்ககூடவே இருக்கும். அதனால பில் போடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அடுத்து வாங்கப்போற காருக்கும் இது உதவுமா?"