பெயரில் இல்லை மயக்கம்

அமெரிக்காவில் கஞ்சா விற்பனையைச் சட்டம் அனுமதிக்கும் மாநிலங்களில் பெயர்பெற்ற ரகங்களுள் ஒன்று ‘ப்ளூ டிரீம்’. கலிபோர்னியாவில் பரவிய இந்தக் கலப்பினத்தின் பெற்றோராகச் சொல்லப்படுபவை ‘ப்ளூபெர்ரி’, ‘ஹேஸ்’ என்னும் இரு ரகங்கள். ஹேஸின் மூதாதையரில் தென்னிந்தியக் கஞ்சாவும் உண்டு என்று வளர்ப்போர் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. ‘இண்டிகா உடலைத் தளர்த்தும், சட்டைவா மனத்தைக் கிளர்த்தும், கலப்பினம் இரண்டையும் அளவாகத் தரும்’ என்பது அங்குள்ள கடைகளில் வழங்கும் பாலபாடம். அந்தக் கணக்கில் ப்ளூ டிரீம் இதமான தளர்வோடு மனக்கிளர்வும் தரும் கலப்பினம். கடந்த பத்தாண்டுகளின் ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்தப் பாலபாடத்துக்கு அறிவியல் ஆதாரம் மிகக் குறைவு என்றே தெரிகிறது.

முதலில் மரபணு. 1753இல் லின்னேயஸ் ‘கன்னாபிஸ் சட்டைவா’ என்று பெயரிட்டார்; 1785இல் லமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடியைக் கண்டு ‘இண்டிகா’ என்று தனி இனமாகப் பிரித்தார். லமார்க் பிரித்தது முதன்மையாகச் செடியின் உருவத்தை வைத்து. உடலைத் தளர்த்துமா, மனத்தைக் கிளர்த்துமா என்பதை வைத்து அல்ல. பின்னர் வளர்ப்போர் நாடுவிட்டு நாடு விதைகளைக் கொண்டுபோய்க் கலந்ததில் அந்த எல்லையும் அழிந்தது. 2015இல் கனடிய ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளின் மரபணுவை ஒப்பிட்டபோது, முழுச் சட்டைவா என்று பெயர்பெற்ற ஜமைக்கா ரகம் ஒன்று, முழு இண்டிகா எனப்பட்ட ஆப்கான் ரகத்துடன் ஏறத்தாழ ஒத்துப்போனது. 2019இல் கொலராடோ ஆய்வாளர்கள் மூன்று மாநிலக் கடைகளில் 30 ரகங்களின் 122 மாதிரிகளை வாங்கிச் சோதித்தார்கள். ஒரே பெயரில் விற்ற பல மாதிரிகள் மரபணுவில் ஒன்றாக இல்லை. பதியன் போட்டு வளர்த்தால் தாய்ச்செடியின் மரபணு அப்படியே வருமே என்று கேட்கலாம். வரும்தான். ஒட்டுமாங்கன்று தாய்மரத்தின் பழத்தையே தரும். கொட்டையில் முளைத்த கன்றுக்கு அந்த உறுதி இல்லை. கஞ்சாக் கடையில் கிடைப்பது ஒட்டா, கொட்டையா என்று சரிபார்த்துச் சொல்ல எவரும் இல்லை என்பதே சிக்கல்.

மரபணு கைவிட்ட இடத்தில் வணிகர்கள் இப்போது மணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கஞ்சாப் பூவின் பிசின் சுரப்பிகளில் போதை தரும் டிஎச்சியோடு டெர்பீன்கள் என்னும் மணப்பொருள்களும் ஊறுகின்றன. எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன், மிளகிலும் கிராம்பிலும் உள்ள கேரியோஃபிலீன், லாவண்டரின் லினலூல், எலுமிச்சைப் புல்லில் காணும் மிர்சீன் எல்லாம் இந்த வகை. ப்ளூ டிரீமில் பெரும்பாலும் மிர்சீனே ஓங்கி நிற்கும். அதுதான் உடலைத் தளர்த்துகிறது என்கிறார்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சற்று இடம் தருகிறது: ‘இண்டிகா’ முத்திரை பெற்றவற்றில் மிர்சீன் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த முத்திரைக்கும் செடியின் ஒட்டுமொத்த மரபணு உறவுக்கும் தொடர்பு மிகக் குறைவு. முகர்ந்து பார்த்தே பெயரிட்டிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்; மணம் ஒத்திருப்பதால் விளைவும் ஒத்திருக்கும் என்று கொள்ள முடியாது.

மிர்சீன் தூக்கம் தரும் என்பதற்குக் காட்டப்படும் சான்றைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். சுண்டெலிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்தபோது, தூக்க மருந்தின் விளைவு நீண்டது. அதே விகிதத்தில் 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு 12 கிராம் ஆகும். எலியின் உடலியக்கம் வேறு என்று அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஒரு கிராமுக்கு மேல் வருகிறது. ஒரு கிராம் பூவில் இருப்பதோ சில மில்லிகிராம் மிர்சீன்தான்.

அதற்காக டெர்பீன்கள் வெறும் வாசனை என்று தள்ளிவிடுவதும் நியாயமல்ல. கஞ்சாப் பொருள்கள் ஒட்டும் ஏற்பிகளுள் ஒன்றான சிபி2வில் கேரியோஃபிலீனும் ஒட்டுவதாக 2008இல் கண்டறிந்தார்கள். 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 20 பேரிடம் நடத்திய சோதனையில், 30 மில்லிகிராம் டிஎச்சியோடு 15 மில்லிகிராம் லிமோனீனையும் ஆவியாக உள்ளிழுத்தபோது பதற்றம் குறைந்தது. ஆனால் அங்கே இரண்டையும் தனித்தனியே அளந்து சேர்த்தார்கள். இயல்பான பூவில் டிஎச்சிக்குப் பாதியளவு லிமோனீன் இருப்பதில்லை. எனவே அந்தச் சோதனை காட்டுவது ஒரு மருந்துக்கான வாய்ப்பை. கடைப் பெயர்ப்பலகைக்கு அது நற்சான்று ஆகாது.

‘எனக்கு இந்த ரகம்தான் ஒத்துக்கொள்கிறது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. உட்கொண்ட அளவு, பழக்கம், அப்போதைய மனநிலை, தளர்வு வரும் என்ற எதிர்பார்ப்பு எல்லாமே அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன. அவற்றுள் அளவே முதன்மையானது. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் 1995இல் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014இல் 12 சதவீதத்தை எட்டியது. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், 10 சதவீதமோ அதற்கு மேலோ டிஎச்சி உள்ள கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்காகத் தெரிந்தது. மனநோய்க்கு அது ஒன்றே காரணம் என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆனால் எச்சரிக்கைக்குப் போதுமானது. இதமான பெயர் இந்த எச்சரிக்கையைத்தான் மறைக்கிறது. இந்தியாவில் கஞ்சாப் பூவை வைத்திருப்பதே 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்பனையை அனுமதிக்கும் நாடுகளாவது, மனித ஆய்வில் நிறுவப்படாத ‘தளர்வு’, ‘உற்சாகம்’ போன்ற சொற்களை உறையிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் டிஎச்சி என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்ல வேண்டும்.